மூன்று ரவுண்டு மோர்

அக்கா, தப்பாக நினைக்கக் கூடாது. உங்கள் மடியில் இருப்பது ‘ஏழாவது மாடியின் சாட்சி’தானே? பஸ் ஏறும் முன் தென்காசி ஸ்டாண்டில் வாங்கினீர்களா? எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்? பன்னிரண்டா. அப்படியென்றால் இன்னும் யாரும் சாகவில்லை. பதினாறில் சேது விழுவான்.

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த நாவலின் முடிவு எனக்கு வாய்வழியாகத்தான் வந்தது. இருநூற்று நான்காம் பக்கம் வரைக்கும் நானே வாசித்தேன், அதுவும் சத்தம் போட்டு. அதற்கு மேலே உள்ள பதினாறு பக்கத்தை வேறு ஒரு பெண் வாசித்தாள். அப்போது நான் ஊரிலேயே இல்லை. எனக்குச் சொன்னவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். எது நான் பார்த்தது, எது கேட்டது என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் ஊர் கடையத்துக்குப் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். அம்மாவும் சுற்றுகிறாள், இருபத்திரண்டு வருடமாக. அவள் சுற்றித்தான் நான் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

போன மாசி மாதம் அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பீடிக் கடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. எங்கள் கடையில் என்ன வழக்கம் என்றால், ஒரு மாதம் சரக்குக் கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அம்மாவுக்குக் கை வலித்ததைவிட அந்த அட்டைதான் வலித்தது.

நான் சுற்றிப் பார்த்தேன் அக்கா. உண்மையாகவே முயற்சி செய்தேன். ராஜகனி அத்தை நான் சுற்றிய வயிறு உப்பிய பீடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏழு மாசம் இருக்கும் என்றாள். அவள் வீட்டு ஹாலில்தான் எல்லாரும் உட்கார்ந்து சுற்றுவார்கள், பெரிய ஃபேன் இருக்கிறது. அம்மாவையும் சேர்த்துப் பத்துப் பேர். டிவி போட்டால் கண் போகும், கண் போனால் கை நிற்கும். காதுதான் சும்மா இருக்கிறது. அதனால் அத்தை ஒரு ஏற்பாடு சொன்னாள்.

“ஏட்டி பிரியா, ஒனக்குக் கை வராது. வாய் வரும்லா. நீ வாசி, ஒங்க அம்மைக்கு நாங்க சுத்துதோம்.”

அப்படித்தான் முடிவானது. நான் தினமும் மத்தியானம் வாசிப்பது, அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அம்மா பெயரில் சுற்றித் தருவது. செய்தித்தாள் வாசித்தேன், இரண்டே நாளில் சலித்துவிட்டது. கொலைக்கதை வேண்டும் என்றார்கள். கிளை நூலகத்தில் போய்க் கேட்டேன், இதை எடுத்துக் கொடுத்தார்கள்.

கதையைச் சொல்கிற ஆள் நிரஞ்சன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், எல்லாம் ‘நான், நான்’ என்றே போகும். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் வேலை. ஏழாவது மாடியில் மனைவி, மாமியாரோடு இருக்கிறான். பக்கத்து ஃபிளாட் சேது பால்கனியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். தள்ளியது யார் என்று நிரஞ்சனே தேடுகிறான். நல்ல கதைதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் ‘மூன்றாவது ரவுண்டு விஸ்கி தொண்டையில் இறங்கியபோது’ என்று இருக்கிறதே, நினைவிருக்கிறதா? அந்த வரி வந்தபோது எதிரில் பத்துப் பேர். அம்மா கழுத்தில் துண்டைக் கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலேஜ் படித்த பெண்ணின் வாயிலிருந்து முதலில் வருவது விஸ்கியா? யோசிக்க அரை நொடிதான் இருந்தது. ‘மூன்றாவது ரவுண்டு மோர்’ என்று வாசித்துவிட்டேன்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது அக்கா. பானத்துக்குப் பதில் பானம்.

முதல் நாள் மோர் என்று சொல்லிவிட்டதால் மறுநாள் மாற்ற முடியவில்லை. மாற்றினால்தானே பொய்? அதனால் பார் என்பதை மோர்க்கடை ஆக்கினேன். ஐஸ் கட்டியை அப்படியே விட்டேன், மோரில் போடலாம். கெட்ட வார்த்தை வரும் இடங்களில் ‘அட போப்பா’ என்று வாசித்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ரேஷ்மி வருவாள். சேதுவின் மனைவி. அவளுக்கும் நிரஞ்சனுக்கும் என்ன என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நான் அவளை நிரஞ்சனின் சித்தி மகள் ஆக்கினேன். கட்டிப்பிடிக்கிற இடமெல்லாம் ‘நலம் விசாரித்தான்’. ஒரு இடத்தில் அவசரத்தில் ‘இருட்டில் வெகுநேரம் நலம் விசாரித்தான்’ என்று வந்துவிட்டது. ரொம்பப் பாசக்காரப் பையன் என்று ஒரு அக்கா சொன்னாள்.

மாற்றியதையெல்லாம் தேதி போட்டு, பக்க எண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மறுநாள் முன்னுக்குப் பின் முரணாகிவிடக் கூடாது இல்லையா. எதிலும் நான் கவனமாக இருப்பேன்.

கதை போகப் போக அவர்களுக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் நிரஞ்சன் எட்டு ரவுண்டு குடித்துவிட்டு, காலையில் எழுந்து, ‘நேற்றிரவு நான் என்ன செய்தேன் என்பது எனக்குச் சுத்தமாக நினைவில்லை’ என்பான். நான் எட்டு ரவுண்டு மோர் என்று வாசித்தேன்.

பேச்சியம்மாள் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். எட்டு டம்ளர் மோர் குடித்தவன் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து கொல்லைக்கல்லவா போயிருப்பான், அவனுக்கு எப்படி மறக்கும் என்றாள். அது நியாயமான கேள்வி. ராஜகனி அத்தை, மோரில் யாரோ ஒருத்தி மருந்து கலக்குகிறாள் என்றாள். அன்றிலிருந்து மோர் கடைபவள் யார், உறை ஊற்றியவள் யார் என்று ஒரே விசாரணை. தினமும் காலையில் அவனுக்குத் தலை வலிக்கிறதே, அது பித்தம், சுக்குக் கஷாயம் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையா என்று இன்னொருத்தி. ராத்திரியில் மோர் குடிக்காதே என்று ஒரு மாமியார் சொல்ல மாட்டாளா என்றும் கேட்டார்கள். அதற்கு மட்டும் பேச்சியம்மாள் பெரியம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். அந்த அம்மாள் நல்ல பொம்பளை, எதிலும் தலையிட மாட்டாள், அப்படித்தான் இருக்க வேண்டும், நானும் என் வீட்டில் அப்படித்தான் என்றாள்.

பதினெட்டு நாளில் இருநூற்று நான்கு பக்கம் வந்தோம். அப்போது எனக்குக் குரூப் ஃபோர் பரீட்சை வந்துவிட்டது, திருநெல்வேலியில். முந்தின நாளே கிளம்பினேன். இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு பீடி இலையை அடையாளம் வைத்து, புத்தகத்தை ராஜகனி அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு.

இனிமேல் சொல்வது கேட்டது.

ஒரு நாள் பொறுத்தார்களாம். மறுநாள் பேச்சியம்மாள் பெரியம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். சுபாஷினி என்று பெயர், ஆலங்குளத்துப் பெண், பி.காம். கல்யாணமாகி நான்கு மாதம்தான். அடக்கமான பெண், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவளை நடுவில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பீடி இலையை எடுத்துவிட்டு முதல் வரியை வாசித்தாளாம். ‘விஸ்கி பாட்டில் காலியாக இருந்தது.’

எல்லார் கையும் நின்றுவிட்டதாம்.

எழுத்தைக் காட்டு என்றார்களாம். காட்டியிருக்கிறாள். மூன்று பேருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும், என் அம்மாவுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும். வி-ஸ்-கி. பிறகு அவள் வாசித்துக்கொண்டே போனாளாம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துவிட்டு மறுபடி வாசித்தாளாம். கடைசியில் நிரஞ்சன், ‘நான்தான் சேதுவைத் தள்ளினேன். இதுவரைக்கும் உங்களிடம் சொன்னதெல்லாம் பொய்’ என்று முடித்துவிட்டானாம்.

நான் ஊருக்குத் திரும்பியபோது பஸ் நிறுத்தத்தில் பார்த்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டில் அம்மாவின் தட்டு வெறுமையாகக் கிடந்தது. அன்றைக்கு யாரும் சுற்றித் தரவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீ வாசிச்சது வேறயாம், புத்தகத்துல இருக்கது வேறயாம். இருவத்திரெண்டு வருசத்துல ஒரு பீடி கம்மியா கட்டி நான் கெட்ட பேரு வாங்கலையே பிரியா.”

இன்னும் மூன்று வாரம் மாவுக்கட்டு இருந்தது. அவர்கள் நிறுத்திவிட்டால் அட்டை போய்விடும்.

மறுநாள் ராஜகனி அத்தை வீட்டில் விசாரணை. நாவலைப் பீடி சுற்றுகிற சுளகில் வைத்து நடுவில் வைத்திருந்தார்கள். நான் என் நேர்மையை நிரூபிக்க வேண்டும் என்று அந்த நோட்டைக் கொண்டுபோனேன். பாருங்கள், எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் பக்க எண்ணோடு எழுதியிருக்கிறேன் என்று விரித்துக் காட்டினேன். அதுவரைக்கும் அவர்களுக்குத் தெரிந்தது விஸ்கி மட்டும்தான் என்று எனக்குத் தெரியாது அக்கா. ரேஷ்மி, பார், அட போப்பா எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். சித்தி மகள் இல்லையா என்று ஒரு அக்கா அழாத குறையாகக் கேட்டாள்.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். நான் மாற்றி வாசித்தேன், பொய் சொன்னது நிரஞ்சன். இருநூறு பக்கம் நம்மை ஏமாற்றியது அவன். அவனை அப்படி எழுதியவரைக் கேட்க வேண்டுமே தவிர என்னைக் கேட்கக் கூடாது. ராஜகனி அத்தை சரி, கேட்டுவிடுவோம் என்றாள். பின் அட்டையில் ‘உங்கள் கருத்துகளைத் தெரிவிக்க’ என்று ஒரு நம்பர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். அதேதான். சுபாஷினியின் போனை வாங்கிப் போட்டார்கள், ஸ்பீக்கரில்.

எழுத்தாளரே எடுத்தார். வாசகர் என்றோம். உட்கார நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அத்தை நலம் எல்லாம் விசாரிக்கவில்லை.

“ஏழாவது மாடிக்காரன் குடிச்சது என்னதுய்யா?”

“விஸ்கிங்கம்மா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“கடைசி வரைக்கும் விஸ்கிதானா? நடுவுல மோரு ஏதும் உண்டா?”

அவர், எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கப்புறம் விளக்க ஆரம்பித்தார். நிரஞ்சன் நம்ப முடியாத கதைசொல்லி, அது ஒரு உத்தி, தமிழில் இதைச் சரியாகச் செய்தவர்கள் குறைவு என்றெல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன், எனக்கு அது சாதகமாகத்தான் தெரிந்தது. பேச்சியம்மாள் பெரியம்மா போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நம்ப முடியாதவன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்லா. பொறவு எதுக்கு அவன் கையில கதையைக் குடுத்தீங்க? வீட்டுல வேற ஆளா இல்ல?”

“அதுதாங்கம்மா அதிர்ச்சி. குடியில அவனுக்கே என்ன நடந்ததுன்னு தெரியாது. அவன் சொல்றதை வாசகர் நம்பிடுவார்.”

“அதுல என்ன அதிர்ச்சி,” என்றாள் ராஜகனி அத்தை. “எங்க வீட்டுக்காரரு இருவத்தாறு வருசமா அப்படித்தான் கதை சொல்லுதாரு. நான் ஒரு நாளும் நம்புனதில்ல.”

ஹாலே சிரித்தது. அவருக்கு மனம் கஷ்டமாகிவிட்டது போல. “சரிங்கம்மா, ஆனா கடைசியில அவன்தான்னு நெனச்சீங்களா? அங்கதான் நான் ஒரு...” என்று சொல்லும்போதே போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றாள் சுபாஷினி. காலையில்தான் முழுவதும் ஏற்றினாளாம், பாவம், பழைய பேட்டரி. வேறு போனில் போடலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம், விஸ்கி என்று அவர் வாயாலே வந்துவிட்டதே, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு ராஜகனி அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

“குடிகாரனோட காலந் தள்ளுதவகிட்ட வந்து மோருன்னு வாசிச்சிருக்க. மொத நாளே விஸ்கின்னு சொல்லியிருந்தா, இவன் பொய்தான் சொல்லுதான்னு ரெண்டாம் நாளே சொல்லியிருப்போம். பதினெட்டு நாளு மோர வச்சுல்லா யோசிச்சோம்.”

உங்கள் மரியாதைக்காகத்தான் அத்தை என்றேன்.

“எங்க மரியாதைய நாங்க பாத்துக்குவோம். நீ எழுத்தப் பாத்து வாசி.”

அதுதான் தீர்ப்பு. முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும், ஒரு எழுத்து மாறக் கூடாது. எழுத்துத் தெரிந்தவர்கள் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அம்மா முன்வரிசையில் இருக்க வேண்டும். அப்படி வாசித்தால் அம்மாவுக்குப் பீடி சுற்றித் தருவார்கள். இல்லையென்றால் இல்லை.

விஸ்கி எனக்கு இப்போது பயமில்லை. பயமெல்லாம் அறுபத்து மூன்றாம் பக்கம். அது வருகிற நாள் காலையில், உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இரேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். கைதானே ஒடிந்திருக்கிறது, காதுக்கு என்ன என்றாள். போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

வாசித்தேன் அக்கா. பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிற வேகத்தில் வாசித்தேன். நான்கு பக்கம். காது மடல் எரிந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. முடித்ததும் பேச்சியம்மாள் பெரியம்மா, இவ்வளவுதானா என்றாள். இதற்கா இத்தனை நாள் சித்தி மகள் என்றாய் என்றாள். இன்னொருத்தி, வெகுநேரம் நலம் விசாரித்ததுதான் நன்றாக இருந்தது, இது சப்பென்று இருக்கிறது என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, இது நிரஞ்சன் பெண்டாட்டிக்கு என்றைக்குத் தெரியவரும் என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு கதையில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நிரஞ்சன் எங்கே போனேன், எங்கே போகவில்லை என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் சிரித்தார்கள். அவன் சொல்கிற ஒவ்வொரு சாக்கையும் இது யார் வீட்டுச் சாக்கு என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். ‘ஆபீஸ் நண்பருக்கு உடம்பு சரியில்லை’ என்பது ராஜகனி அத்தை வீட்டுச் சாக்காம். அவன்தான் கொலைகாரன் என்று தெரிந்த பிறகு பயம் எங்கிருந்து வரும்? பக்கத்துத் தெருப் பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் வாசித்தேன், அவர்களும் அம்மாவுக்குச் சுற்றித் தந்தார்கள்.

மறுபடி இருநூற்று நான்காம் பக்கத்துக்கு வந்தோம். நான் பக்கத்தைத் திருப்பினேன். பேச்சியம்மாள் பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இதுக்கு மேல என் மருமக வாசிச்சுட்டா. எழுத்து மாறாம வாசிச்சா. ஒனக்கு அப்படி வராது. வேற புத்தகம் எடு.”

சுபாஷினி அவள் பின்னால் உட்கார்ந்து நூல் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள். புகழ்ந்தால் கூச்சப்படுகிற பெண் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் சரி என்றார்கள். மறுநாளிலிருந்து வேறு நாவல், அதில் போலீஸ்காரரே கதை சொல்வார், குடிக்க மாட்டார். அது முடிவதற்குள் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். அம்மாவின் பெயர் அட்டையில் இருக்கிறது. முதல் நாள் அவள் மெதுவாகத்தான் சுற்றினாள், ஆனால் அவளே சுற்றினாள்.

இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். கொஞ்சம் முன்னாடியே போய்விட்டதால் இன்னும் திறக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தேன். பதினாறு பக்கம் படிக்காமல் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. படித்தேன்.

இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன், மறைக்க மாட்டேன். யாரும் கேட்கவில்லை. பேச்சியம்மாள் பெரியம்மா இன்றைக்கும் குழாயடியில் நின்று, என் மருமகள் ஒரு எழுத்து மாற்ற மாட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுபாஷினிக்குக் குடம் தூக்க விடுவதில்லை, ஐந்தாம் மாதம். நான் எதற்குக் குறுக்கே போக வேண்டும்?

நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை என்பதால் சொல்கிறேன் அக்கா. சேதுவைத் தள்ளியது நிரஞ்சன் இல்லை. குடியில் தான்தான் தள்ளிவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். தள்ளியது அவனுடைய மாமியார், அவளே அவனிடம் சொல்கிறாள். இருநூற்றுப் பதினேழாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. இரண்டு தடவை சரிபார்த்தேன்.